ஒரு புள்ளியில் உலக சாம்பியன்: எக்ஸெலில் ஒரு கார் பந்தய சீசன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள். எக்ஸெல் ஐகானை மட்டும் பலர் தொடுவதே இல்லை. "அது ஆபீஸ்காரர்களுக்கு உரியது" என்று ஒதுக்கி விடுகிறார்கள். அப்படி ஒதுக்கி வைத்தவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

நான் ஓசூரில் மாலை நேரங்களில் எக்ஸெல் சொல்லித் தருகிறேன். சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞர்கள்தான் அதிகம். சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. மளிகைக் கணக்கை உதாரணமாக எடுத்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். கார் பந்தயம் என்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதில் ஆச்சரியமில்லை. ஓசூர் வண்டிகளின் ஊர். அசோக் லேலண்ட் லாரிகளும் டிவிஎஸ் பைக்குகளும் இங்கே உருவாகின்றன. டிவிஎஸ் நிறுவனத்தின் பந்தயப் பிரிவு 1982-லேயே தொடங்கியது. 2013-ல் பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் பைக் ஓசூரில்தான் தயாரானது. அதே பிஎம்டபிள்யூவின் கார் ஒன்றுதான் இன்றைய பாடத்தின் நாயகன்.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் போதும். மெனு பெயர்கள் சற்று மாறும். வேலை ஒன்றுதான்.

ஒரு சின்னக் குறிப்பு: காலங்களின் எழுத்துகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள். கார் பெயர், ஓட்டுநர் பெயர் போன்றவற்றைத் தமிழ் யூனிகோடில் தாராளமாக டைப் செய்யலாம்.

டூரிங் கார் என்றால் என்ன?

ஃபார்முலா ஒன் கார்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். சக்கரங்கள் வெளியே தெரியும், ஒருவர் மட்டும் உட்காரலாம். டூரிங் கார் அப்படியல்ல. நாம் சாலையில் பார்க்கும் கதவு வைத்த காரையே பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி ஓட்டுவார்கள். உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப் 1987-ல் ஒரே ஒரு சீசன் நடந்து நின்றது. 2005-ல் மீண்டும் தொடங்கி 2017 வரை நடந்தது. பிஎம்டபிள்யூ, சியட், ஆல்ஃபா ரோமியோ கார்களோடு ஷெவர்லே லாசெட்டியும் அதில் ஓடியது. அந்த லாசெட்டி குடும்பத்துக் கார்தான் நம் ஊரில் ஆப்ட்ரா என்ற பெயரில் விற்றது. ஷெவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தினாலும், பழைய ஆப்ட்ரா கண்ணில் பட்டால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நம் மாநிலத்திலும் இந்த வகைப் பந்தயம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயப் பாதையில், தேசிய சாம்பியன்ஷிப்பின் ஒரு பிரிவாக இந்தியன் டூரிங் கார்ஸ் ஓடியிருக்கிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே அந்தப் பாதை இருக்கிறது.

உலக சாம்பியன்ஷிப்பின் விதிகளில் மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு பந்தயம். 2006 சீசனில் 10 ஊர்கள், எனவே 20 பந்தயங்கள். இத்தாலியின் மோன்சாவில் தொடங்கி மக்காவ் நகரத் தெருக்களில் முடிந்தது.

இரண்டாவது, முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளிகள் 10, 8, 6, 5, 4, 3, 2, 1.

மூன்றாவது, முதல் பந்தயத்தில் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் இரண்டாவது பந்தயத்தைத் தலைகீழ் வரிசையில் தொடங்குவார்கள். ஜெயித்தவர் எட்டாவது இடத்திலிருந்து புறப்பட வேண்டும். போதாததற்கு, நன்றாக ஓட்டியவர்களின் காரில் அடுத்த ஊரில் கூடுதல் எடை ஏற்றுவார்கள்.

ஆகவே ஒருவரே எல்லாவற்றையும் ஜெயித்துக்கொண்டு போக முடியாது. 2006-ல் 20 பந்தயத்தையும் ஜெயித்தால் 200 புள்ளி கிடைக்கும். சாம்பியன் ஆண்டி பிரியோ எடுத்ததோ 73. இரண்டாமிடம் பிடித்த யோர்க் முல்லர் எடுத்தது 72. இருவரும் பிஎம்டபிள்யூ ஓட்டியவர்கள். மக்காவில் கடைசி நாளின் முதல் பந்தயத்தில் பிரியோ ஜெயித்தார், இரண்டாவதில் முல்லர் ஜெயித்தார். ஓராண்டு உழைப்புக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரே ஒரு புள்ளி.

இந்தக் கணக்கை நீங்கள் எக்ஸெலில் போட்டு, ஏதோ ஒரு செல்லில் ஓர் எண்ணை மாற்றி அடித்திருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் வேறொருவரை உலக சாம்பியன் என்று காட்டியிருக்கும். பீப் ஒலி வராது, எச்சரிக்கையும் வராது. இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்: கம்ப்யூட்டர் கூட்டலில் தவறு செய்யாது. ஆனால் எதைக் கூட்ட வேண்டும், எந்த விதிப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று சோதிக்கும் வழியையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி 1: ஐந்து சீசன், ஒரு கழித்தல்

எக்ஸெலைத் திறந்து, முதல் வரியில் ஏ1 முதல் எஃப்1 வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: ஆண்டு, சாம்பியன், புள்ளி, இரண்டாமிடம், புள்ளி, வித்தியாசம். பிறகு கீழே உள்ளதை வரி வரியாக அடியுங்கள்.

2005, ஆண்டி பிரியோ, 101, டிர்க் முல்லர், 86
2006, ஆண்டி பிரியோ, 73, யோர்க் முல்லர், 72
2007, ஆண்டி பிரியோ, 92, இவான் முல்லர், 81
2008, இவான் முல்லர், 114, காப்ரியேல் தார்க்வினி, 88
2009, காப்ரியேல் தார்க்வினி, 127, இவான் முல்லர், 123

இப்போது எஃப்2 செல்லில் கர்சரை வைத்து, சமக்குறி (=) அடியுங்கள். சி2 செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி அடித்து, இ2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 15 என்று வரும். மீண்டும் எஃப்2 செல்லுக்குப் போய், அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து எஃப்6 வரை இழுத்து விடுங்கள். 15, 1, 11, 26, 4 என ஐந்து விடைகளும் வந்துவிடும்.

எஃப்8 செல்லில் கர்சரை வைத்து, ஹோம் டேபில் ஆட்டோசம் பட்டனின் பக்கத்து அம்புக்குறியைக் கிளிக் செய்தால் மின் என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்வு செய்து, எஃப்2 முதல் எஃப்6 வரை மவுஸால் இழுத்துக் காட்டி என்டர் தட்டுங்கள். மிகக் குறைந்த வித்தியாசம் 1 என்று சொல்லும்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். டிர்க், யோர்க், இவான் என்று மூன்று முல்லர்கள் இருக்கிறார்கள். இடம் மிச்சம் என்று வெறும் "முல்லர்" என அடித்திருந்தால் மூவரும் ஒருவராகி விடுவார்கள். நம் பக்கம் இது தினமும் நடக்கிற கதை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த இந்த எல்லைப் பகுதியில், ஒரே ஷிஃப்டில் மூன்று மஞ்சுநாத், இரண்டு வெங்கடேஷ் இருப்பார்கள். இனிஷியல் கட்டாயம் சேருங்கள். முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதற்கென்று தனிக் காலம் வையுங்கள். பந்தயக் காரில் பெரிதாக எண் எழுதியிருப்பதும் குழப்பமில்லாமல் அடையாளம் காணத்தான்.

பயிற்சி 2: விதிக்குத் தனி ஷீட்

அடுத்து ஒரு சிறு சீசனை நாமே நடத்துவோம். எட்டு கார்கள், நான்கு பந்தயங்கள். இந்த எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை, நிஜப் போட்டி முடிவுகள் அல்ல.

புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து இன்னொரு ஷீட் சேருங்கள். ஷீட் பெயரின் மேல் டபுள் கிளிக் செய்தால் பெயரை மாற்றலாம். முதல் ஷீட்டுக்கு "பந்தயம்" என்றும், இரண்டாவதற்கு "விதி" என்றும் பெயர் கொடுங்கள்.

"விதி" ஷீட்டில் ஏ1-ல் "இடம்", பி1-ல் "புள்ளி" என்று தலைப்பு. ஏ2 முதல் ஏ9 வரை 1 முதல் 8. அவற்றுக்கு நேராக பி காலத்தில் 10, 8, 6, 5, 4, 3, 2, 1. ஏ10-ல் 0, பி10-ல் 0. இந்தக் கடைசி வரி எதற்கு? பந்தயத்தை முடிக்காமல் நின்றுபோன காருக்கு இடம் 0 என்று அடித்தால், புள்ளியும் 0 கிடைக்கட்டும் என்பதற்காக.

"பந்தயம்" ஷீட்டில் ஏ1-ல் "கார்". பி1 முதல் இ1 வரை "இடம் 1", "இடம் 2", "இடம் 3", "இடம் 4". எஃப்1 முதல் ஐ1 வரை "புள்ளி 1" முதல் "புள்ளி 4". ஜே1-ல் "மொத்தம்", கே1-ல் "வெற்றி". பிறகு கீழே உள்ளவற்றை ஏ2-லிருந்து அடியுங்கள். கமாவுக்கு ஒரு செல் என்று கொள்க.

கார் 1, 2, 3, 3, 5
கார் 2, 1, 7, 1, 7
கார் 3, 3, 4, 4, 4
கார் 4, 4, 5, 5, 1
கார் 5, 5, 2, 7, 3
கார் 6, 6, 1, 8, 8
கார் 7, 7, 6, 2, 6
கார் 8, 8, 8, 6, 2

"கார் 1" என்பது முழுதும் ஏ காலத்தில் ஒரே செல்லில் வர வேண்டும்.

இனி இடத்தைப் புள்ளியாக மாற்ற வேண்டும். 32 செல்களுக்கும் தலைக்கணக்குப் போட்டு அடிக்கலாம், ஆனால் எங்காவது ஒன்று தவறும். அந்த வேலையை விலுக்அப் என்ற ஃபங்ஷனிடம் விடுவோம். ரேஷன் கடையில் கார்டு எண்ணைப் பார்த்து, பதிவேட்டில் அந்த எண் இருக்கும் வரியைத் தேடி, பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல இது வேலை செய்கிறது.

எஃப்2 செல்லில் கர்சரை வைத்து, ஃபார்முலா பாரின் இடது பக்கம் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். தோன்றும் விண்டோவில் விலுக்அப் என்று தேடி, தேர்வு செய்து ஓகே கொடுங்கள். நான்கு கட்டங்கள் வரும்.

முதல் கட்டம், எதைத் தேடுவது? பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள்.

இரண்டாவது கட்டம், எங்கே தேடுவது? "விதி" ஷீட்டைக் கிளிக் செய்து, ஏ2 முதல் பி10 வரை இழுத்துத் தேர்வு செய்யுங்கள். உடனே கீபோர்டில் எஃப்4 கீயை ஒருமுறை தட்டுங்கள். செல் பெயர்களின் நடுவே $ குறிகள் தோன்றும். "ஃபார்முலாவை எங்கே இழுத்தாலும் இந்த இடம் மட்டும் நகரக் கூடாது" என்று அதற்கு அர்த்தம். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது கட்டம், எத்தனையாவது காலத்தைப் படிப்பது? 2 என்று அடியுங்கள்.

நான்காவது கட்டத்தில் 0 என்று அடியுங்கள். அச்சாக அதே எண் இருந்தால் மட்டும் விடை சொல் என்று பொருள். இதைக் காலியாக விட்டால் எக்ஸெல் ஏறத்தாழப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். புள்ளிக் கணக்கில் ஏறத்தாழ என்பதற்கு இடமில்லை.

ஓகே கொடுத்ததும் எஃப்2-ல் 8 வரும். இந்தச் செல்லை வலப்புறம் ஐ2 வரை இழுத்து, பிறகு நான்கு செல்களையும் சேர்த்துக் கீழே 9-வது வரி வரை இழுங்கள். 32 புள்ளிகளும் தயார்.

ஆட்டோசம் ஊகிக்கும், நீங்கள் பாருங்கள்

ஜே2 செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். என்டர் தட்டும் முன் ஒரு நொடி நில்லுங்கள். மினுமினுக்கும் கோடு எங்கிருந்து தொடங்குகிறது? பி2-லிருந்து. அதாவது பிடித்த இடங்களையும் புள்ளிகளையும் சேர்த்தே கூட்டப் போகிறது. அப்படியே என்டர் தட்டினால் கார் 1-க்கு 37 வரும். சரியான விடை 24.

மவுஸால் எஃப்2 முதல் ஐ2 வரை இழுத்துக் காட்டி, பிறகு என்டர் தட்டுங்கள். 24 வரும். ஜே9 வரை இழுத்து விடுங்கள். எத்தனையோ வீட்டுக் கணக்குகளில் தேதியும் பில் நம்பரும் மொத்தத்தில் சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

கே2-ல் வெற்றிகளை எண்ண வேண்டும். எஃப்எக்ஸ் பட்டனில் கவுண்ட்இஃப் தேர்வு செய்து, முதல் கட்டத்தில் பி2 முதல் இ2 வரை காட்டி, இரண்டாவது கட்டத்தில் 1 என்று அடியுங்கள். கே9 வரை இழுங்கள். கார் 2-க்கு 2, கார் 4-க்கும் கார் 6-க்கும் தலா 1, மற்றவர்களுக்கு 0 என வந்தால் சரி.

39 என்ற காவல்காரன்

10, 8, 6, 5, 4, 3, 2, 1 எல்லாவற்றையும் கூட்டினால் 39. எட்டு இடங்களும் நிரம்பிய எந்தப் பந்தயத்திலும், யார் ஜெயித்தாலும் மொத்தம் 39-தான் வர வேண்டும். இதை நாம் சோதனைக்குப் பயன்படுத்தலாம்.

10-வது வரியைக் காலியாக விட்டு, எஃப்11-ல் ஆட்டோசம் அழுத்தி, எஃப்2 முதல் எஃப்9 வரை காட்டி என்டர் தட்டுங்கள். அதை ஜே11 வரை வலப்புறம் இழுங்கள். நான்கு பந்தயங்களுக்கும் 39, மொத்தத்தில் 156 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் இடத்தைத் தவறாக அடித்திருக்கிறீர்கள். எந்தக் காலத்தில் 39 இல்லையோ அந்தப் பந்தயத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.

வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பாருங்கள். பி4-ல் 3-க்குப் பதில் 2 என்று அடியுங்கள். எஃப்11-ல் 41 ஆகிவிடும். இப்போது காவல்காரன் விழித்திருக்கிறான் என்று தெரிகிறது. மறக்காமல் மீண்டும் 3 அடித்துவிடுங்கள்.

இந்தக் காவல்காரனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு கார்களின் இடங்களை மாற்றி மாற்றி அடித்துவிட்டால் மொத்தம் அதே 39-தான். ஆகவே அடித்து முடித்ததும் முதலிடம், இரண்டாமிடம் பிடித்த கார்களை மட்டுமாவது கண்ணால் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

சமமாக வந்தால் யார் முதல்?

கார் 1-க்கும் 24, கார் 2-க்கும் 24. யார் சாம்பியன்? இது நிஜத்தில் நடந்த பிரச்சினை. உலக சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய ஆண்டான 2004-ல், ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் ஆண்டி பிரியோவும் டிர்க் முல்லரும் சீசன் முடிவில் சம புள்ளியில் நின்றார்கள். அதிக பந்தயம் ஜெயித்தவருக்கே பட்டம் என்ற விதிப்படி பிரியோ சாம்பியன் ஆனார்.

இந்த விதியை எக்ஸெலுக்கு நாம் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மொத்தத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், சமமானவர்களில் முன்பு மேலே இருந்தவரே மேலே இருப்பார். நம் பட்டியலில் ஒரு வெற்றிகூட இல்லாத கார் 1 முதலிடத்தில் நிற்கும். பட்டியலில் முதலில் டைப் செய்யப்பட்டது மட்டுமே அதற்குக் காரணம்.

சரியாகச் செய்யும் வழி: ஏ1 முதல் கே9 வரை முழுவதையும் தேர்வு செய்யுங்கள். டேட்டா டேபில் சார்ட் பட்டனை அழுத்துங்கள். தோன்றும் விண்டோவில் தலைப்பு வரி உண்டு என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். முதல் வரியில் "மொத்தம்", பெரியதிலிருந்து சிறியது. பிறகு ஆட் லெவல் பட்டனை அழுத்தி, இரண்டாவது வரியில் "வெற்றி", பெரியதிலிருந்து சிறியது. ஓகே. கால்க்கில் இதே விண்டோவில் சார்ட் கீ 1, சார்ட் கீ 2 என்று இருக்கும்.

வரிசை இப்படி வர வேண்டும்: கார் 2 (24), கார் 1 (24), கார் 4 (23), கார் 3 (21), கார் 5 (20), கார் 7 (16), கார் 6 (15), கார் 8 (13).

என்னிடம் படித்த ஒரு தம்பி ஒருநாள் மொபைலில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். அவர் வேலை செய்யும் சிறிய பட்டறையில் மாதம் ஒருவருக்கு ஊக்கத்தொகை. அந்த மாதம் இரண்டு பேர் உற்பத்தி எண்ணிக்கையில் சமம். தொகை பட்டியலில் மேலே இருந்தவருக்குப் போயிருந்தது. சமமாக வந்தால் லீவு குறைவாக எடுத்தவருக்குத் தொகை என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கிறது. அந்த விதி போர்டில் இருந்ததே தவிர ஷீட்டில் இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஒரு லெவல் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். தம்பி சூப்பர்வைசரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து பட்டியல் இரண்டு லெவலில் வந்தது. போன மாதத் தொகை போனது போனதுதான்.

ஒரு காலத்தை மட்டும் சார்ட் செய்யாதீர்கள்

பயிற்சி 1 ஃபைலுக்குத் திரும்புங்கள். சி காலத்தின் எண்களை மட்டும் தேர்வு செய்து சார்ட் பட்டனை அழுத்தினால், எக்ஸெல் ஒரு எச்சரிக்கை காட்டும். பக்கத்துக் காலங்களையும் சேர்த்துக்கொள்ளவா, இதை மட்டும் மாற்றவா என்று கேட்கும். இதை மட்டும் என்று சொல்லிவிட்டால், 127 என்ற எண் 2005-க்கு நேராக, பிரியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெயர்கள் அப்படியே இருக்கும், எண்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். பார்த்தால் தவறு தெரியவே தெரியாது. மார்க் பட்டியலில் இப்படி நடந்தால் ஒருவரின் மார்க் இன்னொருவருக்குப் போய்விடும்.

தெரியாமல் செய்துவிட்டால் உடனே கன்ட்ரோல் கீயுடன் இசட் அழுத்துங்கள். பழைய நிலை திரும்பும். ஃபைலை மூடித் திறந்த பிறகு இந்த வழி உதவாது. எனவே சார்ட் செய்யும் முன் ஃபைலை வேறொரு பெயரில் ஒரு காப்பி சேமித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

விதி மாறினால்?

2010-ல் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் புள்ளி முறை மாறியது. முதல் பத்து இடங்களுக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. நாம் விதியைத் தனி ஷீட்டில் வைத்ததன் பலன் இப்போது தெரியும். "விதி" ஷீட்டில் பி2 முதல் பி9 வரை உள்ள எட்டு எண்களை 25, 18, 15, 12, 10, 8, 6, 4 என்று மாற்றுங்கள். "பந்தயம்" ஷீட்டில் எதையும் தொட வேண்டாம். எல்லாம் தானாக மாறியிருக்கும். காவல்காரன் எண் இப்போது ஒவ்வொரு பந்தயத்துக்கும் 98, மொத்தம் 392.

மீண்டும் இரண்டு லெவலில் சார்ட் செய்யுங்கள். கார் 2-க்கு 62, கார் 1-க்கு 58. இப்போது சமமே இல்லை. இன்னொரு வேடிக்கை: பழைய விதியில் கார் 7 (16) கார் 6-க்கு (15) முன்னால் இருந்தது. புதிய விதியில் கார் 6 (41) கார் 7-ஐ (40) முந்திவிட்டது. ஓடிய ஓட்டம் ஒன்றுதான். வெற்றிக்குக் கூடுதல் மதிப்பு தரும் விதி வந்ததால் வரிசை மாறியது.

எந்தப் பந்தயம் கணக்கில் சேரும் என்பதும் விதிதான். 2019 நவம்பரில் ஜப்பானின் ஃப்யூஜி பாதையில், ஜெர்மனியின் டிடிஎம் டூரிங் கார்களும் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் சேர்ந்து ஒரு சிறப்புப் போட்டியில் ஓடின. அதன் இரண்டாவது பந்தயத்தில் ஹோண்டா காரில் ஜெயித்தவர் நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே. ஃப்யூஜி போட்டி சாம்பியன்ஷிப் கணக்கில் சேராத தனிப் போட்டி. அருமையான வெற்றிதான், ஆனாலும் அதைச் சீசன் மொத்தத்தில் கூட்டக் கூடாது. இப்படிப்பட்டவற்றைத் தனி ஷீட்டில் எழுதி வையுங்கள்.

நேரத்தை அடிப்பது எப்படி?

பந்தயம் என்றால் நேரமும் வரும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இருங்காட்டுக்கோட்டைப் பாதையின் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். ஒரு கார் அதை 1 நிமிடம் 50 வினாடியில் சுற்றியதாகப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வோம்.

புதிய ஷீட்டில் ஏ2-ல் 3.7 என்றும், பி2-ல் 0:1:50 என்றும் அடியுங்கள். முன்னால் உள்ள 0 முக்கியம். அது மணி. சி2-ல் சமக்குறி அடித்து, ஏ2-ஐக் கிளிக் செய்து, வகுத்தல் குறி, அடைப்புக்குறிக்குள் பி2 பெருக்கல் 24 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொண்டு நேரத்தை அதன் பின்னமாகச் சேமிக்கிறது. 24-ஆல் பெருக்கினால் மணிக்கணக்கு கிடைக்கும். விடை நேரம் போலத் தெரிந்தால், அந்தச் செல்லின் ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றுங்கள். மணிக்கு 121.09 கிலோமீட்டர் என்று வரும்.

வெறும் 1:50 என்று அடித்தால் எக்ஸெல் அதை 1 மணி 50 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். வேகம் மணிக்கு 2.02 கிலோமீட்டர். மாட்டு வண்டிகூட இதைவிட வேகமாகப் போகும். விடையைப் பார்த்து "இது நடக்கிற காரியமா?" என்று கேட்டுக்கொள்வதும் ஒரு சோதனைதான். எந்தக் கணக்குக்கும் இது பொருந்தும்.

அடிக்கடி வரும் இரண்டு தொல்லைகள்

செல்லில் ##### என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். காலத்தின் அகலம் போதவில்லை. மேலே காலம் எழுத்துகளுக்கு நடுவே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்யுங்கள்.

#என்/ஏ என்று வந்தால், விலுக்அப் தேடிய எண் "விதி" ஷீட்டில் இல்லை என்று பொருள். இடத்தை 9 என்று அடித்துவிட்டீர்களா, எஃப்4 தட்ட மறந்தீர்களா என்று பாருங்கள்.

வீட்டுப் பயிற்சி

ஒன்று: "விதி" ஷீட்டில் 9, 10-ஆம் இடங்களையும் 2, 1 புள்ளிகளையும் சேருங்கள். 0 வரியை மறக்காதீர்கள். ஃபார்முலாவில் தேடும் இடத்தையும் நீட்ட வேண்டும். பத்து கார்கள் ஓடினால் காவல்காரன் எண் என்ன? விடை 101.

இரண்டு: புள்ளியும் சமம், வெற்றியும் சமம் என்றால் இரண்டாமிடங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது வழக்கம். அதற்கு எல் காலத்தில் ஒரு கவுண்ட்இஃப் போட்டு, சார்ட்டில் மூன்றாவது லெவல் சேருங்கள்.

மூன்று: உங்கள் தெருப் பிள்ளைகளின் கேரம் போட்டிக்கோ கிரிக்கெட் போட்டிக்கோ இதே ஷீட்டை மாற்றி அமைத்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே விதி ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சமமாக வந்தால் என்ன என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கடைசி நாளில் ஒரு புள்ளி வித்தியாசம் வரும்போது சண்டை வராது.